பதினெட்டு வயதில் மூடும் கதவுகள்

அறிவுத்திறன் குறைபாடு உள்ள பெரியவர்களுக்குச் சட்டம் உரிமைகளை அள்ளித் தருகிறது. பள்ளி, வங்கி, வேலை, ஓய்வூதியம் என்று ஒவ்வொரு கவுன்ட்டரிலும் அவை கிள்ளித்தான் கிடைக்கின்றன.

பதினெட்டு வயது என்பது இந்தியாவில் பெரும்பாலோருக்கு வாசல்கள் திறக்கும் வயது. ஓட்டுப் போடலாம், டிரைவிங் லைசென்ஸ் வாங்கலாம், பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம். அறிவுத்திறன் குறைபாடு உள்ள ஓர் இளைஞருக்கோ அதே பிறந்த நாளில் வாசல்கள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. இலவசக் கல்வி பெறும் உரிமை 6 முதல் 18 வயது வரைதான் என்பதால் பள்ளி விடைகொடுத்துவிடுகிறது. பெற்றோர் இயல்பான பாதுகாவலர்களாக இருந்த காலமும் முடிகிறது. அதுவரை மகனுக்காக அப்பா போட்ட கையெழுத்து மறுநாள் முதல் செல்லாது. பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி தரும் மையங்களில் பெரும்பாலானவை குழந்தைகளுக்கானவை. வயதைச் சொன்னதும் கைவிரிக்கின்றன.

சட்டத்தின் பார்வையில் அவர் இப்போது பெரியவர். ஆனால் ஒரு பெரியவருக்குக் கல்வியும் வேலையும் அரசுச் சேவையும் எப்படிப் போய்ச்சேரும் என்ற கேள்விக்கு அரசு அலுவலகங்களில் தெளிவான பதில் இல்லை. விளைவு: பள்ளியில் பத்துப் பன்னிரண்டு வருடம் பாடுபட்டுக் கற்ற சட்டைப் பொத்தான் போடுதல், நேரம் பார்த்தல், எண்ணுதல் எல்லாம் வீட்டுத் திண்ணையில் மெல்ல மறந்துபோகின்றன.

இவர்கள் எத்தனை பேர்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருப்பதாகச் சொன்னது. அவர்களில் 15.05 லட்சம் பேர் அன்றைய வழக்கில் ‘மனவளர்ச்சி குன்றியோர்’. இதற்கு முந்தைய 2001 கணக்கெடுப்பில் அந்தத் தனிக் கணக்குகூடக் கிடையாது. மனநோயையும் மனவளர்ச்சிக் குறைவையும் ஒரே தலைப்பில் போட்டு 22.6 லட்சம் என்று முடித்துவிட்டார்கள்.

இந்தக் குழப்பம் புள்ளிவிவரத்தோடு நிற்பதில்லை. மனநோய் என்பது நன்றாக இருந்தவருக்கும் இடையில் வரக்கூடியது. மருந்து உண்டு, பலருக்குக் குணமும் உண்டு. அறிவுத்திறன் குறைபாடு பிறவியிலோ வளரும் பருவத்திலோ தோன்றி ஆயுள் முழுவதும் கூடவே இருப்பது. அதற்கு மாத்திரை இல்லை, பயிற்சிதான் உண்டு. எழுத்துக்களும் எண்களும் மட்டும் பிடிபடாமல் மற்றபடி கூர்மையாக இருக்கும் கற்றல் குறைபாடு இன்னொரு வகை. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் குமாஸ்தா, வங்கி மேலாளர், போலீஸ்காரர் ஆகியோரிடம்தான் இந்தக் குடும்பங்கள் காலமெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கின்றன. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயின் வரையறையிலிருந்து மனவளர்ச்சிக் குறைவைத் தெளிவாகவே விலக்கிவைத்திருக்கிறது. கவுன்ட்டருக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

பள்ளி முடிந்த பிறகு

2016ல் நிறைவேறி 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 18ஆவது பிரிவு ஒரே ஒரு வாக்கியம். முதியோர் கல்வியிலும் தொடர் கல்வியிலும் மாற்றுத்திறனாளிகள் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது அது. அடுத்த பிரிவு, அறிவுத்திறன் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களுக்குச் சந்தையோடு தொடர்புள்ள தனித் தொழிற்பயிற்சி வேண்டும் என்கிறது. ஏட்டில் குறை சொல்ல முடியாது.

நடைமுறையில் உருப்படியான கதவு ஒன்றுதான். 1989ல் தொடங்கிய தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் சேர வயது உச்சவரம்பு இல்லை. 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்வியையும் அது தருகிறது. பாடங்களை விருப்பப்படி தேர்ந்தெடுக்கலாம்; ஒரே மூச்சில் எழுதாமல் ஒவ்வொன்றாகத் தேறலாம்; தேர்வில் கூடுதல் நேரமும் எழுதித் தர ஆளும் கேட்கலாம். குறைபாடு லேசாக உள்ளவர்களில் பலர் முதல் சான்றிதழை வாங்குவது இந்த வழியில்தான். சான்றிதழ் இல்லையென்றால் ஐ.டி.ஐ.யில்கூட நுழைய முடியாது. அங்கே பெரும்பாலான தொழில்களுக்கு 8 அல்லது 10ஆம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும்.

ஆனால் இவர்களில் பலருக்குக் கல்வி என்பது சான்றிதழ் அல்ல. பஸ் எண்ணை அடையாளம் காண்பது, மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவது, கேஸ் அடுப்பை அணைப்பது, தொடக்கூடாத இடத்தில் ஒருவர் தொட்டால் உரக்கச் சொல்வது: இவைதான் பாடத்திட்டம். 1984ல் செகந்திராபாத்தில் மத்திய அரசு அமைத்த தேசிய மனவளர்ச்சி குன்றியோர் நிறுவனம் இதற்கான முறைகளை வகுத்தது. இன்று அதன் பெயரில் ‘அதிகாரமளித்தல்’ சேர்ந்திருக்கிறது. பெரியவர்கள் சுதந்திரமாக வாழப் பயிற்சி தருவதற்கென்றே தனித் துறையும் உண்டு.

முறை கேட்பதற்கு எளிமையானது. டீ போடுவது நமக்கு ஒரு வேலை. பயிற்சியாளருக்கு அது பதினைந்து வேலை. பாத்திரத்தை எடுப்பது ஒன்று, குழாயடிக்குப் போவது ஒன்று, அளவுக் கோடுவரை தண்ணீர் பிடிப்பது ஒன்று. ஒவ்வொரு படியையும் படமாக வரைந்து சுவரில் ஒட்டுவார்கள். சில சமயம் கடைசிப் படியிலிருந்து தொடங்குவார்கள். மற்ற எல்லாவற்றையும் பயிற்சியாளர் செய்துவிட, டம்ளரில் ஊற்றுவதை மட்டும் பயிற்சி பெறுபவர் செய்வார். வேலையை முடித்த திருப்தி முதல் நாளே கிடைத்துவிடும். பிறகு ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி வருவார்கள். மாதங்கள் ஆகும். ஆனால் அப்படிக் கற்றது நிலைக்கும், சூழல் மாறாதவரை.

சூழல் மாறினால்? 2016 நவம்பருக்குப் பிறகு நடந்தது அதுதான். ரூபாய் நோட்டை நிறத்தால் அறிந்துவைத்திருந்தவர்கள் இவர்களில் ஏராளம். இரண்டரை ஆண்டுக்குள் 500 சாம்பல் நிறமாயிற்று, 100 இளம் ஊதாவாயிற்று, 50 நீலமாயிற்று, 10 சாக்லெட் நிறமாயிற்று. மஞ்சளில் 200 வந்தது. கருஞ்சிவப்பில் வந்த 2,000 ரூபாய் நோட்டு 2023ல் திரும்பிப்போயிற்று. பழைய 100, 50, 10 நோட்டுகளும் கூடவே புழங்கின. நாடு அலுத்துக்கொண்டே பழகிக்கொண்டது. வருடக்கணக்கில் உழைத்து நோட்டைக் கற்றவர்கள் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அவர்களுக்கென்று ஒரு விளக்கப் படம் அச்சிட வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. இப்போது கடைகளில் செல்போனால் பணம் கட்டுவது சில்லறைத் தொல்லையைக் குறைத்திருக்கிறது. ஆனால் ரகசிய எண்ணைக் கேட்டால் சொல்லிவிடும் வெள்ளை மனதுக்கு அதில் ஆபத்தும் அதிகம்.

யார் கையெழுத்து?

பெரியவராகிவிட்டவரின் முதல் சோதனைக்கூடம் வங்கி. கையெழுத்துப் போடத் தெரியாதவர், கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குபவர் வந்தால் மேலாளர் ‘கோர்ட் ஆர்டர்’ கேட்பார். இத்தகைய குடும்பங்களை நீதிமன்றப் படியேற விடக்கூடாது என்பதற்காகத்தான் 1999ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைவு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் பொருந்தும் சட்டம் இது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் உள்ளூர்க் குழு: கலெக்டர் நிலையில் ஓர் அதிகாரி, பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர். பெற்றோரோ உறவினரோ விண்ணப்பித்தால், பாதுகாவலர் தேவையா, எதற்காகத் தேவை என்று பார்த்து இந்தக் குழு நியமிக்கும். நியமனம் பெற்றவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். கொடுமை செய்தாலோ கவனிக்காமல் விட்டாலோ பதவி போகும்.

இந்தக் குழு தரும் சான்றை ஏற்றுக் கணக்குத் தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007 நவம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. ஆனாலும் பழைய பழக்கம் லேசில் போவதில்லை. மத்திய அரசு ஊழியர் இறந்தால், சம்பாதிக்க முடியாத நிலையில் உள்ள அவருடைய மகனுக்கோ மகளுக்கோ ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. 2021ல் இதற்கான வருமான வரம்பும் தளர்ந்தது: சொந்த வருமானம், ஊழியர் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதமாகக் கணக்கிடப்படும் குடும்ப ஓய்வூதியத்தைவிடக் குறைவாக இருந்தால் போதும். அந்தப் பணத்தைத் தர வங்கிகள் நீதிமன்றச் சான்று கேட்டு இழுத்தடிப்பதை நிறுத்தும்படி 2022ல் ஓய்வூதியத் துறையே சொல்ல வேண்டியிருந்தது. பணியில் இருக்கும்போதே பிள்ளையின் பெயரையும் பாதுகாவலர் பெயரையும் பதிவு செய்துவைத்த குடும்பங்கள் தப்பித்தன. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்ட குடும்பங்கள் அலைந்தன.

இதில் அடிப்படையான வாதம் ஒன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1999 சட்டம் பாதுகாவலரை மையமாக வைத்தது. இந்தியா 2007 அக்டோபரில் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையோ, சட்டத்தின் முன் எல்லோருக்கும் சமமான தகுதி உண்டு, முடிவெடுக்க உதவி வேண்டுமானால் உதவுங்கள், அவருக்குப் பதிலாக நீங்கள் முடிவெடுக்காதீர்கள் என்கிறது. 2016 சட்டம் ‘வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்’ என்று நடுவழி பிடித்தது: குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, சம்பந்தப்பட்டவரின் விருப்பத்தைக் கேட்டு அவரோடு சேர்ந்து முடிவெடுப்பவர். இரண்டு சட்டமும் அமலில் இருக்கின்றன. எதைப் பின்பற்றுவது என்பது பல நேரங்களில் எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரியைப் பொறுத்தது.

விருப்பத்தைக் கேட்பது வெறும் சம்பிரதாயம் அல்ல என்பதை 2009ல் உச்ச நீதிமன்றம் காட்டியது. சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த, குறைபாடு லேசாக உள்ள அநாதைப் பெண் ஒருவர் பலாத்காரத்துக்கு ஆளாகிக் கர்ப்பமானார். கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குழந்தை வேண்டும் என்றார் அந்தப் பெண். தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், நீதிபதிகள் பி. சதாசிவம், பி.எஸ். சௌஹான் ஆகியோர் உத்தரவை ரத்து செய்தார்கள். கருக்கலைப்புச் சட்டத்தில் 2002 திருத்தம் மனநோயையும் மனவளர்ச்சிக் குறைவையும் பிரித்துவிட்டது. ஆகவே இந்தப் பெண்ணின் சம்மதம் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்பது தீர்ப்பின் சாரம். பெரியவர் என்றால் முடிவும் அவருடையது.

75 சதவீதம் போதாது

குறைபாட்டைச் சதவீதத்தில் அளந்து சான்று தருவது அரசின் வழக்கம். கையையோ காலையோ அளக்கலாம். அறிவை எப்படி அளப்பது? 2018 வழிகாட்டி நெறிகள் சமூக முதிர்ச்சி மதிப்பெண்ணை வைத்தன. 55 முதல் 69 வரை பெற்றால் ‘லேசானது’, 50 சதவீதம். 36 முதல் 54 வரை ‘நடுத்தரம்’, 75 சதவீதம். 21 முதல் 35 வரை ‘கடுமையானது’, 90 சதவீதம். அதற்கும் கீழே என்றால் 100 சதவீதம். 5, 10, 18 வயதுகளில் சோதனை. பதினெட்டில் வாங்கும் சான்று ஆயுளுக்கும் செல்லும்.

இனி மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டத்தைப் பாருங்கள். 18 வயது முடிந்து, வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்து, குறைபாடு 80 சதவீதமாவது இருந்தால் மாதம் ரூ. 300. அதாவது, தனியாக வெளியே போக முடியாத, வேலை கிடைக்காத, ஒருவர் எப்போதும் கூட இருக்க வேண்டிய ‘நடுத்தர’ நிலை இளைஞர் தன் 75 சதவீதச் சான்றோடு இந்த வாசலில் நிற்க முடியாது. தேர்வில் ஐந்து மார்க்கில் கோட்டைவிட்ட மாணவனாவது அடுத்த வருடம் மறுபடி எழுதலாம். மாநிலங்கள் தங்கள் கைக்காசைப் போட்டு இந்த ஓட்டையை அடைக்கின்றன. தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. ஆந்திரப் பிரதேசம் 2024 ஜூலையில் மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத்தை ரூ. 3,000லிருந்து ரூ. 6,000 ஆக்கியது. மத்திய அரசின் பங்கு 2012ல் ரூ. 200லிருந்து ரூ. 300 ஆனதோடு நின்றுவிட்டது.

வேலைக்காக மாநிலம் விட்டு மாநிலம் போகும் குடும்பங்களுக்கு இதில் தனிச் சங்கடம். ஊனச் சான்று நாடு முழுவதும் செல்லும் என்கிறது 2016 சட்டம். மாநில ஓய்வூதியம் எல்லையைத் தாண்டாது. தில்லியிலோ நாக்பூரிலோ குடியேறிய தமிழ்க் குடும்பம் புது ஊரில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கு ஓர் ஆறுதல்: இத்தகைய பிள்ளையைக் கவனிக்கும் பெற்றோருக்கு வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்கு உண்டு என்று 2014 ஜூனில் உத்தரவு வந்தது.

சில சேவைகள் உண்மையிலேயே பயன்படுகின்றன. தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு ரூ. 1 லட்சம் வரை தருகிறது. சேர முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கிடையாது. துணையின்றிப் பயணம் செய்ய முடியாதவருக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயிலில் இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றாம் ஏ.சி. வகுப்புகளில் 75 சதவீதச் சலுகை. இதெல்லாம் இருப்பது தெரியாமலே காலம் தள்ளும் குடும்பங்கள் சிற்றூர்களில் நிறைய.

வேலையும் ஒரு சதவீதமும்

1995 சட்டம் மனவளர்ச்சிக் குறைவை ஊனமுற்றோர் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அரசு வேலையில் ஒதுக்கிய 3 சதவீதத்தில் அதற்கு இடம் தரவில்லை. 2016 சட்டம் ஒதுக்கீட்டை 4 சதவீதமாக்கி அந்தத் தவறைத் திருத்தியது. திருத்திய விதம்தான் யோசிக்கவைக்கிறது. ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஒரு சதவீதம். எல்லோரும் ஒரே போட்டித் தேர்வு எழுத வேண்டும். எழுத்துக் கூட்டுவதில் மட்டும் தடுமாறும் ஒரு பட்டதாரியோடு, கூட்டல் கணக்கே மலையாக நிற்கும் ஒருவர் போட்டியிட்டால் யார் ஜெயிப்பார் என்று சொல்லத் தேவையில்லை. மத்திய அரசின் கடைநிலைப் பணிக்கே 10ஆம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். 2021 ஜனவரியில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை என்று 3,566 பதவிகளை அரசு அறிவித்தது. பதவி ஏற்றதாக இருக்கலாம். அதற்குப் போகும் தேர்வு ஏற்றதாக இல்லை.

தனியார் முயற்சிகள் வேறு பாதையில் போகின்றன. மகளின் தேவைக்காக ஒரு பார்ஸி குடும்பம் 1944ல் மும்பையில் தொடங்கிய ஜெய் வகீல் பள்ளி முதல், தில்லியின் முஸ்கான்வரை பல அமைப்புகள் பள்ளி வயது கடந்தவர்களுக்குத் தொழில் கற்றுத்தருகின்றன. 2017ல் ஹுப்ளியில் தொடங்கிய மிட்டி கஃபேயில் பல வகை மாற்றுத்திறனாளிகள் சமைத்துப் பரிமாறுகிறார்கள். 2023 நவம்பரில் அதன் கிளை உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே திறந்தது. மும்பை ஜுஹுவில் உள்ள அர்பன் கஃபே ஊழியர்களில் ஆட்டிசமும் டவுன் சிண்ட்ரோமும் உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

இங்கெல்லாம் கிடைத்த அனுபவம் ஒன்றுபோல இருக்கிறது. பயிற்சி மையத்தில் கற்பித்துவிட்டு வேலைக்கு அனுப்புவதைவிட, வேலையிடத்திலேயே வைத்துக் கற்பிப்பது பலிக்கிறது. சில வாரம் கூட நின்று, பிறகு மெல்ல விலகும் ஒரு துணையாள் வேண்டும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய மற்றவர்கள் அலுத்துக்கொள்ளும் இடத்தில் இவர்கள் சலிக்காமல் நிற்கிறார்கள். அரசு அலுவலகத்தில் அப்படி ஒரு துணையாளுக்குப் பதவியும் இல்லை, சம்பளத் தலைப்பும் இல்லை.

எங்களுக்குப் பிறகு?

எழுபதைத் தொட்ட பெற்றோரிடம் எதைப் பேசினாலும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இதுதான். கூட்டுக் குடும்பம் இருந்தவரை சித்தப்பா வீடோ அக்கா வீடோ பதிலாக இருந்தது. இன்று அக்கா பெங்களூரில் இரண்டு அறை வீட்டில். பெரியவர்கள் ஆயுள் முழுவதும் தங்கும் குழு இல்லங்களுக்காகத் தேசிய அறக்கட்டளை ‘கரௌண்டா’ திட்டத்தை வைத்திருக்கிறது. தேவையின் அளவுக்கு முன்னால் அது ஒரு தொடக்கம் மட்டுமே.

மிஞ்சுவது அரசு இல்லம். அதன் நிலை என்ன என்பதைத் தில்லி ரோஹிணியின் ஆஷா கிரண் காட்டியது. இடமில்லாமல் நிரம்பி வழிந்த அந்த இல்லத்தில் 2024 ஜூலை மாதத்தில் மட்டும் பத்துப் பேருக்கு மேல் இறந்தபோது நாடு ஒரு வாரம் அதிர்ந்தது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளோருக்கான அரசு இல்லங்களை நாடெங்கும் ஆராயும் பொறுப்பை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களிடம் ஒப்படைத்தது. பெரிய இல்லங்களில் அடைத்துவைக்காமல், நாலைந்து பேர் சேர்ந்து ஊருக்குள்ளேயே வசிக்கும் வீடுகள் வேண்டும் என்று பெற்றோர் அமைப்புகள் நெடுங்காலமாகக் கேட்டுவருகின்றன.

அதுவரை செலவில்லாமல் செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. 2015 டிசம்பரில் தொடங்கிய ‘சுகம்ய பாரத்’ இயக்கம் அரசுக் கட்டடங்களுக்குச் சாய்தளமும் லிஃப்டும் கொண்டுவந்தது. சக்கர நாற்காலி மேலே ஏறிவிட்டது. மேலே போனதும் நான்கு பக்க விண்ணப்பத்தை நீட்டினால் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவருக்கு அதுவே செங்குத்தான படிக்கட்டு. 2016 சட்டம் ‘தகவல் தொடர்பு’ என்பதில் எளிய மொழியையும் சேர்த்தே சொல்கிறது. தேர்தல் தொடர்பான எல்லாம் எளிதில் புரியும்படி இருக்க வேண்டும் என்று தனிப் பிரிவே உண்டு. நீதிமன்றம் ‘மனநிலை சரியில்லாதவர்’ என்று அறிவிக்காதவரை இவர்களில் யாருடைய ஓட்டுரிமையையும் யாரும் பறிக்க முடியாது. வாக்காளர் பட்டியலில் பிள்ளையின் பெயரைச் சேர்க்கப் பெற்றோரே யோசிப்பதுதான் வேடிக்கை.

பெரிய எழுத்தில், சிறு வாக்கியத்தில், பக்கத்தில் படத்தோடு ஒரு விண்ணப்பம். எல்லாக் கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்காமல் ஒவ்வொன்றாகக் கேட்கும் ஒரு குமாஸ்தா. கூட வந்த அம்மாவைப் பார்த்துப் பேசாமல், எதிரே நிற்கும் முப்பது வயதுக்காரரைப் பார்த்து ‘நீங்க என்ன வேலையா வந்தீங்க?’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக ஒரு நிமிடம் காத்திருக்கும் வழக்கம். சாய்தளம் கட்டச் சிமென்ட் வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும். இதற்கு டெண்டர்கூட விட வேண்டியதில்லை.